வெள்ளி பூசுமுன் ஓர் இரவு தாருங்கள்
எல்லையோரத் தொழிற்பயிற்சி நிலைய நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

உங்கள் வளாகத்தில் நிற்கும் பழைய விமானத்துக்கு மழைக்கு முன்பே வெள்ளி பெயிண்ட் அடித்து, கான்கிரீட் தூணில் ஏற்றி, ‘இரண்டாம் உலகப் போர் விமானம்’ என்று பலகை வைக்கப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். விமானப் பராமரிப்பிலேயே காலம் கழித்து, களியக்காவிளைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே குடியிருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். அது போர் விமானம் அல்ல. அது புஷ்பக் என்ற இருவர் அமரும் பயிற்சி விமானம். பெங்களூரில் அரசு விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல். கட்டியது. முதல் புஷ்பக் பறந்ததே 1958இல், போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுக்குப் பிறகு.

இறக்கை நுனியிலிருந்து நுனிவரை டேப் பிடித்துப் பாருங்கள், 36 அடி வரும். மூக்கிலிருந்து வால்வரை 21 அடி. ஆனால் டேப்பை மட்டும் நம்பக் கூடாது. பைப்பர் கப் என்ற அமெரிக்கச் சிறு விமானத்தின் இறக்கையும் 35 அடிக்கு மேல்தான். கதவைத் திறந்து இருக்கையைப் பாருங்கள். கப்பில் ஒருவர் பின்னால் ஒருவர் உட்கார வேண்டும், புஷ்பக்கில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். உங்கள் மாணவர்கள் சொல்வதுபோல செஸ்னா 150 என்ற இன்னொரு அமெரிக்கச் சிறு விமானமாகவும் இருக்க முடியாது. அதற்குச் சிறு சக்கரம் மூக்கின் அடியில், உடம்பு முழுக்க அலுமினியத் தகடு. உங்களுடையதற்குச் சிறு சக்கரம் வாலில் இருக்கிறது. இறக்கையைத் தாங்கும் கம்பங்கள் இரண்டும் கீழே ஓரிடத்தில் சேர்ந்து V போல நிற்கின்றன. மூக்கிலுள்ள இன்ஜின் மூடிக்குள்ளே நான்கு சிலிண்டர் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்துக் கிடக்கும். அது 90 குதிரைத்திறன் கான்டினென்டல் இன்ஜின்.

குழப்பம் எங்கே வந்தது என்றும் தெரிகிறது. புஷ்பக்கின் உடம்பு எஃகுக் குழாய்ச் சட்டம், அதன்மேல் துணி போர்த்தி, அதை இறுக்கிக் கெட்டியாக்கும் டோப் என்ற பூச்சைப் பூசியிருப்பார்கள். துணி கிழிந்த இடங்களில் யாரோ தகரம் வைத்துத் திருகியிருக்கிறார்கள். அதைப் பார்த்தவர்கள் உலோக விமானம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இடது இறக்கையின் அடியில், கம்பம் சேரும் இடத்துக்கு அருகே, பழைய துணி இன்னும் மிச்சமிருக்கிறது. அங்கே விரலால் மெல்லத் தடவினால் பட்டை நாடாவுக்கு அடியில் சீரான இடைவெளியில் சின்னச் சின்ன முடிச்சுகள் தட்டுப்படும். துணியை இறக்கை எலும்போடு ஊசி நூலால் தைத்த தையல் அது. ஊர்த் தையற்காரர் பார்த்தாலும் கண்டுகொள்வார்.

என்ன விமானம் என்பது தெரிந்துவிட்டது. எந்தப் புஷ்பக் என்பது இனித்தான் தெரிய வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம். இந்திய விமானம் ஒவ்வொன்றுக்கும் VT என்று தொடங்கி மேலும் மூன்று எழுத்து கொண்ட பதிவுப் பெயர் உண்டு. பல அடுக்குப் பெயிண்டுக்கு அடியிலும் அந்த எழுத்தின் ஓரம் ஒரு முடி கனத்துக்கு மேடாக நிற்கும். பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாது. இருட்டிய பிறகு டார்ச்சைப் பரப்போடு ஒட்டிப் படுக்கை வாட்டில் பிடித்தால் மேட்டின் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். அப்படியும் தெளியாவிட்டால் வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளை நனைத்து உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் வட்டமாகத் தேய்த்தால் அடுக்குகள் ஒவ்வொன்றாகத் தெரியும். பெயிண்ட்காரர் முதலில் செய்யப்போவது எல்லாவற்றையும் சுரண்டுவதுதான். அதோடு இந்த எழுத்தும் போய்விடும். பழைய மஞ்சள் பிரைமரை உலர்ந்த நிலையில் சுரண்டுவது நுரையீரலுக்கும் கேடு, அதில் குரோமியம் இருக்கும்.

காக்பிட்டில் நெருப்புக்கும் உருகாத சிறு உலோகத் தகட்டில் அதே எழுத்தைப் பொறித்திருப்பார்கள். அது கழன்று போயிருந்தால் சட்டத்தில் அடித்த எண்களைத் தேட வேண்டும். இன்ஜின் எண்ணை வைத்து முடிவுக்கு வராதீர்கள். இன்ஜின் விமானத்துக்கு விமானம் மாறும். மீட்டர்களின் கண்ணாடியைத் திறக்கவும் வேண்டாம். அந்தக் காலத்து முள்ளில் ரேடியம் பூச்சு இருக்கலாம். ஒளிராவிட்டாலும் கதிர்வீச்சு போகாது.

தூணைப் பற்றியும் ஒரு வார்த்தை. வால் தாழ்ந்து நிற்கும் விமானத்தில் மழைநீர் முழுதும் பின்பக்கம் ஓடி அடிக்குழாய்களின் கடைசி முனையில் தேங்கும். குழாய் உள்ளிருந்தே துருப்பிடிக்கும், வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். முதலில் ஒரு சுத்தியலால் அந்த முனையை லேசாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஒலிக்குப் பதில் ‘பொத்’ என்று கேட்டால் அதைத் தூக்கவே கூடாது. அடியிலுள்ள வடிகால் துளைகளைப் பெயிண்டால் அடைத்துவிடாதீர்கள். வெறும் விமானம் 400 கிலோகூட இல்லை, ஆனி ஆடிக் காற்று அதை அசைத்துப் பார்க்கும். தரையில் கூரைக்கு அடியில், இறக்கைக் கம்பம் இரண்டிலும் வாலிலும் கட்டி நிறுத்துவதே நல்லது.

பலகையில் எழுதப் போர்க்கதை தேவையில்லை, நம் பக்கத்திலேயே விஷயம் இருக்கிறது. 1935 நவம்பர் 1 அன்று டாடாவின் ஃபாக்ஸ் மாத் விமானம் திருவனந்தபுரத்திலிருந்து திருவிதாங்கூர் அஞ்சலைச் சுமந்து பம்பாய்க்குப் புறப்பட்டது. நாகர்கோவிலும் அன்று திருவிதாங்கூர்தான். அந்த விமானத்தில் பயணிகள் முன்னால் மூடிய அறைக்குள் இருப்பார்கள், விமானி பின்னால் திறந்தவெளியில் காற்று வாங்கிக்கொண்டு ஓட்டுவார். பிறகு புஷ்பக் காலத்துச் சிறு தளங்களின் காலை. ஓடுபாதையில் மேயும் மாட்டை விரட்டும் காவலாளி, கம்பத்தில் காற்றின் திசை காட்டும் காற்றுப்பை, மணல் நிரப்பிய சிவப்பு வாளி, பீப்பாய்ப் பெட்ரோலைப் பதனிட்ட மென்தோலில் வடிகட்டி ஊற்றும் கை. டாங்கின் அடியில் ஒரு கண்ணாடிக் குவளை வடித்து, தண்ணீர் முத்துமுத்தாக அடியில் இறங்குகிறதா என்று வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்கள். புரொப்பெல்லரைக் கையால்தான் சுழற்ற வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ‘சுவிட்ச் ஆஃப்’ என்று கேட்டு உறுதி செய்து, நாலு சுற்று சுற்றி, பிறகு ‘காண்டாக்ட்’, அதாவது சுவிட்ச் ஆன். சுழற்றியவர் அந்தக் கணமே பின்வாங்கிவிட வேண்டும். தொழில் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இந்த ஒழுங்கு தெரியட்டும்.

பெயிண்ட் வேலையை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். ஏதாவது ஓர் இரவு எட்டு மணிக்கு மேல் கேட் சாவி உள்ளவர் ஒருவர் இருந்தால் போதும். டார்ச், ஏணி, வாட்டர் பேப்பர் எல்லாம் நாங்கள் கொண்டு வருகிறோம். எழுத்து கிடைத்தால் அதே இடத்தில், அதே அளவில் எழுதித் தரவும் ஆள் இருக்கிறார்.

இப்படிக்கு,
எல்லையோர ஓய்வுபெற்ற விமானத் தொழில்நுட்பர்கள் சிலர்