முடிவு சொல்லும் நாளும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்

மதிப்பிற்குரிய கருத்தரிப்பு மைய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம். ஊசிக்கும் ஸ்கேனுக்கும் உங்கள் அட்டவணையில் தேதி, நேரம் எல்லாம் இருக்கிறது. அதைத் தாங்கப்போகும் கணவன் மனைவி இருவரின் மனதுக்கு ஒரு வரிகூட இல்லை. சிகிச்சையைப் பாதியில் விடுபவர்களில் பலர் பணமில்லாததால் மட்டும் விடுவதில்லை, இனித் தாங்காது என்றுதான் விடுகிறார்கள். இப்படிப்பட்ட தம்பதியருக்கு ஆலோசனை சொல்வது எங்கள் வேலை. அதனால் இதைக் கேட்கிறோம்.

கருவைக் கருப்பையில் வைத்த பிறகு, கர்ப்பமா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை வரை ஏறக்குறைய இரண்டு வாரம். அதுவரை மையத்துக்கு நடையாய் நடந்தவர்களுக்குத் திடீரென்று செய்ய ஒன்றுமில்லை. உடம்பையே உற்றுப் பார்க்கத் தொடங்குகிறார்கள். மார்பு கனத்தால் நம்பிக்கை, கனம் குறைந்தால் அழுகை. அந்தக் கனம் நீங்கள் கொடுக்கும் புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் மருந்தாலும் வரும் என்று வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்லுங்கள். கர்ப்பப் பரிசோதனை தேடுவதும் எச்.சி.ஜி என்ற ஹார்மோனைத்தான்; அதையே ஊசியாகப் போட்டிருந்தால் அதன் மிச்சம் பத்து நாள் வரைகூட உடம்பில் இருக்கலாம். சீக்கிரமே வீட்டில் சோதித்து, இரண்டு கோட்டைப் பார்த்து மகிழ்ந்தவர்கள், ரத்தப் பரிசோதனையில் இல்லை என்றானதும் நொறுங்கிப்போகிறார்கள்.

முடிவை யாரிடம், எத்தனை மணிக்குச் சொல்ல வேண்டும், இருவரும் சேர்ந்திருக்கும் நேரம் எது என்று முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை நேரத்தில் போன் வருகிறது. எதிரே மேலதிகாரி. "நெகட்டிவ்ங்க, அடுத்த மாசம் வாங்க" என்கிறது குரல். "சரிங்க" என்று வைத்துவிட்டு, கழிப்பறைக்குள் தாழ் போட்டுக்கொண்டுதான் அழ முடிகிறது. அடுத்த சிகிச்சைச் சுற்றைப் பற்றி அந்த மூச்சிலேயே பேசாதீர்கள். மருந்தை எப்போது நிறுத்துவது, மருத்துவரை எந்தத் தேதியில் பார்ப்பது, மனம் தாளாவிட்டால் யாரை அழைப்பது. அன்றைக்கு இவ்வளவு போதும்.

கணவரும் உங்கள் நோயாளிதான். விந்தணு அறிக்கையைக்கூட மனைவியைப் பார்த்தே விளக்குகிறீர்கள், அவர் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார். மாதிரி கொடுக்கும் அறையின் கதவை யாரோ தட்டி "ஆச்சா?" என்றால் யாருக்கும் பதறத்தான் செய்யும். முன்பே ஒரு மாதிரியை உறையவைத்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும்.

பெரும்பாலும் மனைவி பேசி ஆற்றிக்கொள்ளப் பார்ப்பார், கணவர் வேலையில் மூழ்கி மறக்கப் பார்ப்பார். அவருக்கு வலிக்கவேயில்லை என்று மனைவியும், எதைச் சொன்னாலும் அழுகிறாள் என்று கணவரும் நினைக்கத் தொடங்கியதும் விரிசல் விழுகிறது. நாங்கள் சொல்லித்தரும் வழி எளிது. நாளுக்கு இருபது நிமிடம் மட்டும் சிகிச்சைப் பேச்சு, பத்து நிமிடம் ஒருவர், பத்து நிமிடம் மற்றவர். ஒருவர் பேசும்போது மற்றவர் தீர்வு சொல்லக் கூடாது. நேரம் முடிந்தால் வேறு பேச்சு. முதல் வாரம் செயற்கையாகத்தான் இருக்கும், விட்டுவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

"மனசை லேசா வெச்சுக்கோங்க, தானா தங்கும்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 2011-இல் 14 ஆய்வுகளை, மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சிகிச்சைக்கு முந்தைய மன உளைச்சல் கருத்தரிப்பைத் தடுப்பதாகத் தெரியவில்லை. ஆறுதலாகச் சொன்னது, தோற்ற பிறகு "நான் கவலைப்பட்டதாலதான்" என்ற பழியாக அவள் தலையில் விழுகிறது.

தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். சாவைப் பற்றிய பேச்சு ஒருமுறை வந்தாலும் அன்றே அனுப்புங்கள். ஏற்கெனவே மனநல மாத்திரை எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை சுற்றோடு நிறுத்தலாம் என்பதை முதல் சுற்று தொடங்கும் முன்பே இருவரிடமும் கேட்டு எழுதிவையுங்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நெகட்டிவ் வந்த நாளில் முதன்முறையாக அதைப் பேச வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
தம்பதியர் மனநல ஆலோசகர்கள்