மலைப் பள்ளிகளுக்குக் கல்லூரி மாணவர் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் கல்லூரியில் படிக்கிறேன். வகுப்பில்லாத நாட்களில் ஏற்காட்டை அடுத்த மலைக்கிராமத் தொடக்கப்பள்ளி ஒன்றில் தன்னார்வலராகப் பிள்ளைகளுக்குப் படிக்க உதவுகிறேன். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பாடத்தைக் கடகடவென ஒப்பிப்பான். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினால் விழிப்பான். அவன் தினமும் பார்ப்பவற்றையே எழுதிக் காட்டினேன். 'மிளகு' என்பதை விரல் வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டியவன், "எங்க வீட்டு மரத்துல ஏறிக் கிடக்குக்கா" என்று துள்ளினான். அந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

தொடக்க வகுப்புகளில் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் உறுதிசெய்யத் தமிழக அரசு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஐந்து வகுப்புக்கும் இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளியில், அரும்பு நிலைப் பிள்ளையின் பக்கத்தில் யார் உட்காருவது? காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் பெற்றோருடன் எஸ்டேட்டுக்குப் போய்வரும் பிள்ளைகள் வேறு பின்தங்கிவிடுகிறார்கள்.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமோடு நிறுத்திக்கொள்ளாமல், ஆண்டு முழுவதும் அதே மாணவரை அதே பள்ளிக்கு அனுப்பக் கல்லூரிகள் முன்வர வேண்டும். மலைக்குச் சென்றுவரப் பேருந்துக் கட்டணத்தை ஏற்க மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

கல்லூரி மாணவி,
சேலம்.