ஈலியச் சோடி கற்பனையன்று

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் வெளியான க.பொ.த. உயர்தர இரசாயனவியல் மாதிரி விடைகளுள், "ஈலிய அணுக்கள் இரண்டு எந்நிலையிலும் பிணைந்திருக்கமாட்டா, ஈலியச் சோடி என்பது வெறும் கற்பனை" என்ற வாக்கியம் தடித்த எழுத்தில் இடம்பெற்றிருந்தது. அந்த விடையை எழுதிய பெருந்தகையிடம் காணப்படும் உறுதி, இவ்விடயத்திலேயே ஆயுளைச் செலவிட்ட ஆய்வாளர்களிடம் ஒருபோதும் இருந்ததில்லை.

மூலக்கூற்று ஒபிற்றல் கொள்கையின்படி ஈலியச் சோடியின் பிணைப்பு வரிசை பூச்சியம், அதாவது இலத்திரன்களைப் பங்கிட்டுக்கொள்ளும் பிணைப்பு அங்கில்லை என்பது தாங்கள் நன்கறிந்ததே. நானும் அதைத்தான் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தேன். ஆயினும் பங்கீட்டு வலுப் பிணைப்பு இல்லை என்பதும் ஈர்ப்பே இல்லை என்பதும் ஒன்றல்ல. ஓரணுவின் இலத்திரன் முகிலில் கணப்பொழுது தோன்றும் ஏற்றத்தாழ்வு அயலணுவிலும் அவ்வாறானதொன்றைத் தூண்ட, இரண்டுக்குமிடையே மெல்லிய ஈர்ப்பு எழுகின்றது என்பதை பிரிட்ஸ் இலண்டன் என்னும் பௌதிகவியலாளர் 1930 ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார். ஈலியத்தின் இரண்டு இலத்திரன்களும் கருவோடு இறுகியிருப்பதால் இவ்வீர்ப்பு மற்றெந்த அணுச் சோடியிலும் பார்க்க மெலிந்தது, அவ்வளவே.

எவ்வளவு மெலிந்தது என்பதே இங்கு சுவையான பகுதி; தங்கள் பக்கம் தவறவிட்டதும் அதையே. அணுக்கள் ஏறத்தாழ 0.3 நனோமீற்றர் இடைவெளியில் நிற்கும்போது ஈர்ப்புக் கிணற்றின் ஆழம், அதாவது அசையாது நிற்கும் அணுக்களைப் பிரித்தெடுக்க வேண்டிய சத்தி, வெப்பநிலை அலகிற் சொன்னால், சுமார் 11 கெல்வின். ஆனால் இலேசான அணுக்கள் முற்றாக ஓய்ந்து நிற்க இயற்கை இடங்கொடாது. அந்த ஓயாத அசைவின் சத்தி, கடும் மாரியில் எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் கட்டை முட்டி நிற்பதுபோல், ஆழம் முழுவதையும் நிரப்பிவிடுகின்றது. விளிம்புக்குக் கீழே எஞ்சுவது ஒரு கெல்வினின் ஆயிரத்தில் இரண்டு பங்கிலும் குறைவு. ஐதரசன் மூலக்கூற்றின் பிணைப்பு இதைப்போல் ஏறத்தாழ மூன்று கோடி மடங்கு வலியது. இவ்விரு ஈலிய அணுக்களும் சராசரியாகச் சுமார் 5 நனோமீற்றர் விலகி நின்றபடியே ஒரு சோடியாக இருக்கின்றன. கருவில் ஒரு நியூத்திரன் குறைந்த ஈலியம்-3 அணுக்கள் இன்னும் இலேசானவை ஆகையால் அவற்றுக்குச் சோடியே இல்லை. தங்கள் எழுத்தாளர் ஈலியம்-3 என்று குறிப்பிட்டு எழுதியிருந்தால் எனக்கு முத்திரைச் செலவு மிச்சமாகியிருக்கும்.

இது கணக்கோடு நின்றுவிட்ட சங்கதியுமன்று. 1993 இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தார், வெற்றிடத்துள் விரிந்து கடுங்குளிரடைந்த ஈலிய வாயுவில் இச்சோடியைக் கண்டதாக அறிவித்தனர். சோடியை அயனாக்கியே அவர்கள் கண்டறிந்தனர்; அந்த அயன்கள் பெரிய அணுத்திரள்கள் உடைந்து வந்தவையாக இருக்கலாமே என்று ஐயம் எழுந்தது. அடுத்த ஆண்டே ஜேர்மனியின் கெற்றிங்கனில் ஷெல்கொப்ப், தோனிஸ் ஆகிய இருவரும், நுண்பிளவுகள் வரிசையாய் அமைந்த தட்டொன்றினூடாக அந்த வாயுக் கற்றையைச் செலுத்தினர். அணுக்களும் அலைபோல் நடப்பவை; ஒரே வேகத்தில் இரட்டைத் திணிவு செல்லும்போது அலைநீளம் பாதியாகும். ஆகவே தனியணு திரும்பும் கோணத்தின் பாதியில் சோடி விழவேண்டும். விழுந்தது. 2016 இல் பிராங்க்பேட்டில் அச்சோடியின் அணுக்களுக்கிடையிலான தூரம் எவ்வாறு பரந்துள்ளது என்பதையே அளந்து காட்டினர். கற்பனையை அளப்பதற்கும் கருவியுண்டு போலும்.

எனக்கு இது முதல் மனத்தாங்கலன்று. முன்பொருமுறை இதே பக்கத்தில் ஈலியம் −4.2 பாகை செல்சியசில் திரவமாகும் என்று அச்சாகியிருந்தது. உண்மையில் அது 4.2 கெல்வின், அதாவது ஏறக்குறைய −269 பாகை. தங்கள் கணக்கின்படி எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேற்தட்டிலேயே திரவ ஈலியம் வடித்தெடுக்கலாம். அப்போதும் எழுதினேன், திருத்தம் வரவில்லை, ஆனால் என் கடிதம் இருந்திருக்கவேண்டிய இடத்தில் வாரபலன் தாராளமாக வந்திருந்தது. தொண்ணூறுகளில், பத்திரிகைத் தாள் கிடையாது கொப்பித் தாளில் அச்சடித்த நாள்களிற்கூட, யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் இலக்கமொன்று பிழைத்தால் மறுநாள் வருத்தம் தெரிவிப்பார்கள். இன்று வண்ணப் பக்கங்களுக்குக் குறைவில்லை.

என்னிடம் பாடம் கேட்க வரும் பிள்ளையொருத்தி, "மிகக் குளிர்ந்த நிலையில் ஈலியச் சோடி வலுவற்றுப் பிணைந்திருக்கும்" என்று தனியார் வகுப்புப் பரீட்சையொன்றில் எழுதியிருந்தாள். ஆசிரியர் அதன்மேல் சிவப்புக் கோடிட்டு, சான்றாகத் தங்கள் பக்கத்தைக் காட்டி அனுப்பியிருக்கிறார். அச்சில் வந்தது சரி, கிழவன் சொன்னது பிழை என்று அப்பிள்ளை நினைத்தால் அவளை நான் நோவதற்கில்லை. ஈலியம் திரவமாகிறதே, ஈர்ப்பில்லாமல் எப்படி ஆகும் என்று அவளே திருப்பிக் கேட்டிருக்கலாம். ஆனால் அதற்கும் இந்தச் சோடிக்குமுள்ள தொடர்பு அத்தனை நேரானதன்று, சோடியாகப் பிணையாத ஈலியம்-3 கூட 3.2 கெல்வினில் திரவமாகத்தான் செய்கிறது. இவ்வளவையும் ஒரு வாக்கியத்தில் அடக்க முற்பட்டதே வினை.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது சிறிது: வருகின்ற வார மாணவர் பக்கத்திலேயே, அந்த வாக்கியம் வந்த அதே தடித்த எழுத்தில், இரண்டு வரித் திருத்தமொன்றை வெளியிடுங்கள். மரண அறிவித்தல்களுக்கு இடையில் வைக்காதிருந்தால் மேலும் நன்றியுடையவனாவேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை இரசாயனவியல் ஆசிரியர்,
கொக்குவில்.