கரும்புத் தோட்டத்துப் பூனை

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தியின் படப் புத்தகத்தில் பெர்சியன், சயாமிஸ், மெய்ன் கூன் என்று வீட்டுப் பூனைகள் வரிசையாக இருக்கின்றன. பக்கத்தைத் திருப்பினால் சிங்கம், புலி. இரண்டுக்கும் நடுவில் வரவேண்டிய நம் ஊர்ப் பூனைகளைத்தான் காணோம்.

ஏரிக்கரை நாணலிலும் கரும்புத் தோட்டத்திலும் எலி பிடித்து வாழும் காட்டுப்பூனையை எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? நீண்ட கால், கட்டை வால், வால் நுனியில் கறுப்பு வளையம். துரும்பன் பூனை என்றொன்று உண்டு. வளர்ந்த பிறகும் ஒன்றரைக் கிலோ தேறுவதே பெரிது. இந்தியா, இலங்கை, நேபாளம் தவிர வேறெங்கும் கிடையாது.

போன வருஷம் எங்கள் ஊரில் கரும்பு வெட்டும்போது சோகைக்கு அடியில் மூன்று காட்டுப்பூனைக் குட்டிகள் கிடந்தன. வீட்டுப் பூனை என்று நினைத்துப் பிள்ளைகள் அட்டைப் பெட்டியில் தூக்கி வந்து பசும்பால் ஊற்றினார்கள். மறுநாள் காலையில் ஒன்று விறைத்துக் கிடந்தது. அதைத் தூக்கி வந்த பையன் அழுத அழுகை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. பாவம், அவன் மேல் என்ன தப்பு? எடுத்த இடத்திலேயே விட்டால் இருட்டியதும் தாய் வந்து கவ்விக்கொண்டு போகும் என்றோ, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வீட்டில் வளர்க்கக் கூடாது என்றோ யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லையே.

உங்கள் சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு பூனையை வண்ணப் படத்தோடு போடுங்கள். முதல் வாரம் காட்டுப்பூனை வரட்டும். கரும்பு வெட்டு தொடங்குவதற்குள் வந்தால் நல்லது.

— ஓய்வுபெற்ற ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்