கொடை விழாக் கமிட்டிக்கு, தொட்டில் தொங்கும் வீட்டிலிருந்து

மதிப்புக்குரிய தலைவர் அண்ணாச்சி, பொருளாளர் மாமா, கமிட்டி உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம்ம கோயில் வைகாசிக் கொடைத் திருவிழாவுக்குப் பந்தக்கால் நாட்ட இன்னும் நாள் இருக்கிறது. மைக்செட்காரருக்கு அட்வான்ஸ் இன்னும் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். ஒலிபெருக்கிக் குழாய் கட்டின பிறகு வந்து நின்றால், "கொடை நேரத்துல என்னம்மா வம்பு" என்பீர்கள். அதுவும் நியாயம்தான்.

கேட்பது இவ்வளவுதான். தெருவுக்குள் போஸ்டுக்குப் போஸ்ட் குழாய் ரேடியோ கட்டுவதை இந்த வருஷம் விட்டுவிடுங்கள். கோயில் பந்தலுக்குள் பாக்ஸ் ஸ்பீக்கர் வைத்து, உட்கார்ந்திருக்கிறவர்களுக்குக் கேட்கிற அளவில் வையுங்கள். பூசையும் இல்லாமல் வில்லுப்பாட்டும் இல்லாமல் சும்மா ஓடுகிற ரெக்கார்டுப் பாட்டை நிறுத்துங்கள். கொடையில் ஒரு துளி குறைக்கச் சொல்லவில்லை. வில்லு வேண்டும், நையாண்டி மேளம் வேண்டும், கரகம் வேண்டும், நள்ளிரவுச் சாமக்கொடையில் குலவை வேண்டும். நானும் குலவை போடுகிறவள்தான்.

எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். கோயிலிலிருந்து கால்வாய்ப் பக்கம் போகும் தெருவில், ஈபி போஸ்டை ஒட்டிய வீடு. அந்தப் போஸ்டில்தான் வருஷா வருஷம் குழாய் கட்டுகிறீர்கள். குழாயின் வாய் எங்கள் வீட்டுச் சன்னலைப் பார்த்து இருக்கும். சன்னலுக்கு உள்ளே, உத்தரத்தில் என் கல்யாணத்துக்கு முந்தின சேலையில் ஒரு தொட்டில். அதில் ஒன்றே முக்கால் வயசுக்காரி ஒருத்தி.

கைப்பிள்ளை இருக்கிற வீடு எப்படி ஓடுகிறது என்பது கமிட்டியில் இருக்கிற ஆண்பிள்ளைகளுக்கு மறந்திருக்கும். சிலர் பார்த்தே இருக்க மாட்டீர்கள். அதனால் கொஞ்சம் சொல்கிறேன்.

காலையில் வெளிச்சம் வருமுன் பாப்பா எழுந்துவிடுவாள். எழுந்ததும் முதல் வேலை, அடுப்படியில் கீழ்த்தட்டில் இருக்கும் பாத்திரங்களை ஒவ்வொன்றாக இழுத்து முற்றத்தில் பரப்புவது. இட்லியில் பாதி அவள் வாய்க்கு, பாதி கோழிக்கு. பக்கெட்டுத் தண்ணீரில் என் செருப்பை முக்கி எடுப்பாள். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் ஆக்க வேண்டும், பெருக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும். மத்தியானம் பருப்புச்சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து, காக்காயைக் காட்டி, தெருவில் படுத்திருக்கும் செவலை நாயைக் காட்டி, கடைசியில் அந்த நாய்க்கும் ஒரு உருண்டை போட்டால்தான் அவள் வாய் திறக்கும். அப்புறம் தொட்டிலில் போட்டு ஆட்டினால் ஒன்றரை மணி நேரம் தூங்குவாள்.

அந்த ஒன்றரை மணி நேரம்தான் வீட்டின் வருமானம். எங்கள் அத்தை பீடி சுற்றுகிறவர்கள். பாப்பா முழித்திருக்கும்போது பீடி இலை வைக்கிற சொளவை (முறத்தை) மடியில் வைக்கவே முடியாது. ஓடிவந்து இலையைக் கலைப்பாள் என்றால்கூடப் பரவாயில்லை, தூளை ஒரு கை அள்ளி வாயில் போட்டுவிடுவாள். அது புகையிலை, பிள்ளைக்கு விஷம். அதனால் பாப்பா தூங்கினபிறகு, அறைக்கதவைச் சாத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் அத்தை சுற்றுவார்கள். இலை வெட்டுவது, சுற்றுவது, முனை மடக்குவது, நூல் கட்டுவது எல்லாம் அந்த நேரத்துக்குள். நான் தையல் மெஷினில் உட்காருவதும் அப்போதுதான். கொடைக்கு முந்தின வாரம் தெருவே ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டு "ஆச்சா, ஆச்சா" என்று கேட்கும் என்பது உங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும்.

பாப்பா ஒன்றும் சத்தத்துக்குப் பயந்தவள் இல்லை. தலைமாட்டில் மெஷின் ஓடும், தூங்குவாள். மிக்ஸி ஓடும், மீன்காரர் வண்டியில் ஹாரன் அடித்துக்கொண்டே போவார், பக்கத்து வீட்டு மைனி குழாயடியில் பேசுவது கால்வாயைத் தாண்டிக் கேட்கும், தூங்குவாள். தினமும் கேட்கிற சத்தம் பிள்ளைக்குப் பழகிவிடும். பழகாதது, எதிர்பாராமல் வருவது. "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்று குழாய் ஊதுகிற அந்த நிமிஷம், பாப்பா தொட்டிலுக்குள் இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப் போடுவாள். அப்புறம் வருகிற அழுகை சாதாரண அழுகை இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகம் கறுத்து, அப்புறம்தான் சத்தம் வெளியே வரும். போன வருஷம் அவளுக்குப் பத்து மாதம். கொடை முடிகிறவரை பகல் தூக்கமே இல்லை. தூங்காத பிள்ளை சாப்பிடாது, சாப்பிடாத பிள்ளை சாயங்காலம் யாரிடமும் போகாது, ராத்திரியாவது அசந்து தூங்குமா என்றால் தூங்காது. மற்றவர்களுக்குத் தூக்கம் கெட்டால் கண் சொக்கும். பிள்ளைக்குத் தூக்கம் கெட்டால் வெறி ஏறும். அத்தைக்கு அந்த வாரம் பீடிக் கட்டு பாதிதான் ஆனது.

ஒன்றிலிருந்து இரண்டு வயதுவரையுள்ள பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. எங்கள் ஆச்சி காலத்திலேயே "தூங்குற பிள்ளையை எழுப்பாதே" என்றுதானே சொன்னார்கள்.

"சன்னலைச் சாத்தும்மா" என்று போன தடவை ஒரு மாமா சொன்னார். வைகாசி வெயிலில், ஓட்டு வீட்டில், சன்னலைச் சாத்திவிட்டுப் பிள்ளையை எப்படிப் போடுவது? சீரியல் செட்டும் டியூப் லைட்டும் சேர்ந்து இழுக்கிற இழுப்பில் கரண்டும் அடிக்கடி போகிறது. கரண்டு போனால் எங்கள் வீட்டு ஃபேன் நிற்கும். ஜெனரேட்டர் போட்டிருக்கிற உங்கள் குழாய் நிற்காது.

"வருஷத்துக்கு மூணு நாள் பொறுத்துக்கக் கூடாதா" என்பது அடுத்த கேள்வி. உங்களுக்கு மூன்று நாள். தொட்டிலுக்கு அப்படி இல்லை. கால்நாட்டிய அன்றே ரேடியோ பாட ஆரம்பித்துவிடுகிறது. நம்ம கொடை முடிந்தால் அடுத்த தெரு முத்தாரம்மன், அது முடிந்தால் கீழூர் மாடன், நடுவில் சர்ச்சில் எல்லோருக்கும் சோறு போடும் அசன விழா, யார் வீட்டிலாவது சடங்கு, யார் வீட்டிலாவது சாவு, துஷ்டி. செவ்வாய், வெள்ளி என்றால் ஏதாவது ஒரு திசையிலிருந்து குழாய் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். ஒரு தெரு நாலு குழாய் கட்டினால் அடுத்த தெரு ஆறு கட்டுகிறது. இதில் எந்தச் சாமிக்கு என்ன லாபம் என்று எனக்குப் புரியவில்லை. பிற மதத்தாரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, அசனத்துக்கு நாங்களும் போய்ச் சாப்பிடுகிறவர்கள்தான். பாளையங்கோட்டைப் பக்கம் யார் கட்டினாலும் குழாய் குழாய்தான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், மிரட்டுவதற்காக இல்லை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. திருவிழாவுக்காக அரசு தளர்த்தினாலும் நள்ளிரவு 12 வரைதான், அதுவும் வருஷத்துக்கு மொத்தம் 15 நாளுக்கு மேல் கிடையாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது அளவு. நாம் பாட்டைப் போடுவது விடியுமுன் நாலரைக்கு. போலீஸ் ஸ்டேஷனில் நீங்கள் வாங்குகிற அனுமதிச் சீட்டிலும் நேரம் எழுதியிருக்குமே, ஒரு தடவை படித்துப் பாருங்கள். பிறர் நிம்மதியைக் கெடுத்து வழிபட எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதே 2000இல்தான், சென்னையில் ஒரு சர்ச் சம்பந்தப்பட்ட வழக்கில்.

குழாயில் என்ன கோளாறு என்றால், அது சத்தத்தை ஒரே திசையில் குவித்து அடிக்கும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். கோயில் முற்றத்தில் வைத்தால் எங்கள் வீட்டுக்கு வருமுன் எவ்வளவோ அடங்கிவிடும். போஸ்டில் கட்டினால், தெருக்கோடியில் இருக்கிறவருக்குக் கேட்பதற்காகப் போஸ்டடியில் இருக்கிறவர் காது கிழிய வேண்டும்.

பங்குனியில் என் அம்மா ஊர்ச் சுடலைமாடன் கொடைக்குப் போயிருந்தோம். அங்கே இப்போது குழாய் கிடையாது, பந்தலுக்குள் நாலு பாக்ஸ் மட்டும். வீட்டில் படுத்துக்கொண்டு கேட்க முடியாததால் சனம் எல்லாம் பந்தலுக்கு வந்து உட்கார்ந்திருந்தது. நம்ம கொடையில் வில்லுக்காரர் காலியான நாற்காலிகளைப் பார்த்துப் பாடுவார், நாம் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டு குழாயில் கேட்போம். அங்கே மகுடம் அடித்துப் பாடி ஆடுகிற கணியான் பாட்டுக்கு நடுவில் கேட்ட கேள்விக்குக் கிழவிகள் உட்கார்ந்த இடத்திலிருந்து பதில் சொன்னார்கள். சாமக்கொடைக்கு மைக்கையே அணைத்துவிட்டார்கள். தீயில் காய்ச்சின மகுடப் பறைக்கு மைக் எதற்கு?

பாப்பா அங்கே என் மடியில் உட்கார்ந்து இமைக்காமல் பார்த்தாள். பயமே இல்லை. ஊருக்கு வந்த மறுநாள் இடுப்பில் துண்டைச் சுற்றச் சொன்னாள். அடுப்படி அகப்பையை எடுத்து சாமியின் வல்லயம் (ஈட்டி) மாதிரி தூக்கிப் பிடித்தாள். "ஏ... ஏய்..." என்று கத்திக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓட்டம். அப்புறம் சாமியாடுகிற கோமரத்தாடி செய்த மாதிரியே பவுடர் டப்பாவைக் கவிழ்த்து, அத்தைக்கு, எனக்கு, தையல் மெஷினுக்கு, நாய்க்கு, எல்லார் நெற்றியிலும் திருநீறு. அத்தை கும்பிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கூட்டி அள்ள வேண்டுமே என்ற கவலை ஒரு பக்கம். கொடை இப்படித்தான் பிள்ளைக்குள் போக வேண்டும் என்று நினைக்கிறேன். குழாய் ரேடியோவைக் கேட்டு எந்தப் பிள்ளையும் சாமியாடிப் பார்த்ததில்லை.

நம்ம கோயில் இசக்கியம்மன் கோயில். கையில் பிள்ளையோடு நிற்கிறவள். பிள்ளை வரம் கேட்கிறவர்கள் அவள் வேம்பில்தான் தொட்டில் கட்டுகிறார்கள், நானும் கட்டினேன். கட்டின தொட்டிலுக்குப் பலன் கொடுத்தவள், வீட்டுத் தொட்டிலில் பிள்ளை தூங்குவதற்காகப் பாட்டைக் குறைத்தால் கோபித்துக்கொள்வாளா? பூசாரித் தாத்தாவிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, கமிட்டியைக் கேள் என்றார். கேட்டுவிட்டேன்.

செலவுக் கணக்கும் பாருங்கள் மாமா. அத்தனை குழாய், அத்தனை சுருள் வயர், கட்ட ஆள், அவிழ்க்க ஆள். பாக்ஸ் நாலு வைத்தால் வாடகை அதற்கு மேல் வராது என்றே நினைக்கிறேன், மைக்செட்காரரிடமே விலை கேட்டுவிடுங்கள். மிச்சமானால் வில்லுக் கோஷ்டிக்கு இன்னும் கொஞ்சம் கொடுக்கலாம். உடுக்கைக்காரருக்கு நாம் கொடுப்பது மைக்செட்டுக்குக் கொடுப்பதில் பாதி என்று கேள்வி. நிஜமாக இருந்தால் அது நன்றாக இல்லை.

இன்னொன்று. குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி எல்லா வீட்டிலும் வாங்குகிறீர்கள். எங்கள் வீட்டு வரி அத்தையின் பீடியிலிருந்தும் என் தையலிலிருந்தும் வருகிறது. இந்தத் தெருவில் பாதி வீடு அப்படித்தான். ஆனால் கமிட்டிக் கூட்டத்துக்கு ஒரு பெண்ணைக்கூட இதுவரை கூப்பிட்டதில்லை. குழாய் எந்தப் போஸ்டில் கட்டுவது என்பதை, பகலில் அந்த வீட்டில் இருக்காதவர்கள் முடிவு செய்கிறார்கள். பாப்பாவின் அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர் காலை ஏழு மணிக்குத் திருநெல்வேலி பஸ் ஏறினால் ராத்திரிதான் வருவார். போன கூட்டத்தில் குழாய்க்குக் கை தூக்கியவர்களில் அவரும் ஒருவர்.

தெருவில் கைப்பிள்ளை இருக்கிற வீடுகள், ராத்திரி ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள் இருக்கிற வீடுகள், பத்தாவது, பன்னிரண்டாவது மறுதேர்வுக்குப் படிக்கிறவர்கள் இருக்கிற வீடுகள், படுக்கையில் கிடக்கிற பெரியவர்கள் இருக்கிற வீடுகள், எல்லாவற்றிலும் கேட்டு இந்த மடலின் நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். இதுவரை மறுத்தவர்கள் குறைவு.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு எங்களில் நாலைந்து பேர் வருகிறோம். பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டுதான் வர முடியும், அதனால் கூட்டத்தை மத்தியானம் வைக்காமல் சாயங்காலம் ஐந்து மணிக்கு வையுங்கள். நாற்காலி கூடுதலாகப் போட்டு வையுங்கள் அண்ணாச்சி.

இப்படிக்கு,
ஈபி போஸ்டு வீட்டு மருமகள்