நாகராஜனை மீண்டும் படிக்க

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் மாணவி ஆய்வுக்கு எழுத்தாளர் ஜி. நாகராஜனை எடுத்திருக்கிறார் என்ற செய்தி மிகுந்த மகிழ்ச்சி தந்தது. தலைப்பு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ‘வாழ்வும் படைப்பும்’ என்று வைத்தால் வாழ்வே ஆய்வேட்டைத் தின்றுவிடும். 1981இல் அவர் மறைந்த நாள்முதல் குடி, கஞ்சா, அலைச்சல் என்று அதே சில சம்பவங்கள்தான் சுற்றிவருகின்றன. சுந்தர ராமசாமி, சி. மோகன் போல நெருங்கிப் பழகியவர்கள் எழுதியதை, எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லாமலே மற்றவர்கள் எடுத்தாள்கிறார்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் முதலில் எழுதியவர் யார், எந்த ஆண்டு, கண்டதா கேட்டதா என்று ஓர் அட்டவணை போடச் சொல்லுங்கள். ஐந்து சாட்சிகள் போலத் தெரிவது பல இடங்களில் ஒரே சாட்சியாகச் சுருங்கிவிடும்.

அதைவிட அவசரமான வேலை மூலபாடம், அதாவது அவர் எழுதிய சரியான பிரதியை உறுதிசெய்வது. ‘குறத்தி முடுக்கு’ குறுநாவல் 1963, ‘கண்டதும் கேட்டதும்’ சிறுகதைத் தொகுப்பு 1971, ‘நாளை மற்றுமொரு நாளே’ நாவல் 1974. மூன்றின் முதல் பதிப்பும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியவை. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான பதின்மூன்று எழுத்துகள் அப்போது வேறு வடிவில் அச்சாயின. புதிய எழுத்துகளில் பழகிய ஓசிஆர் (அச்சுப் பக்கப் படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள்) இவற்றைத் தப்பும் தவறுமாகத்தான் படிக்கும். வந்த பிரதியை அப்படியே நம்பி, எந்தச் சொல் எங்கே வருகிறது என்று காட்டும் சொல்லடைவு செய்தால் கணக்கு முழுவதும் பிசகும். ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்க்கும் பழைய முறையே நல்லது. 1997இல் காலச்சுவடு வெளியிட்ட தொகுப்போடு வரிக்கு வரி ஒப்பிடும்போது உரையாடல்களில் கூடுதல் கவனம் வேண்டும். பேச்சு வழக்கைப் பிழை என்று எண்ணித் திருத்துவது அச்சகங்களில் சகஜம். அவர் பாத்திரங்களோ பேச்சில்தான் உயிரோடு இருக்கிறார்கள்.

கதைகள் முதலில் வந்த இதழ்களையும் தேட வேண்டும். விஜயபாஸ்கரனின் ‘சரஸ்வதி’யில் தொடங்கலாம். சென்னையில் ரோஜா முத்தையா நூலகம், கன்னிமாரா நூலகம் இரண்டிலும் பார்க்கட்டும். நூலகங்களில் பைண்டு செய்யும்போது அட்டையைக் கிழித்துவிடுவது வழக்கம். மாதமும் விலையும் அதோடு போய்விடும். அப்படிப்பட்ட இதழுக்கு உள்ளே வந்த விளம்பரம், வாசகர் கடிதம், அடுத்த இதழ் அறிவிப்பு இவற்றை வைத்துத்தான் காலத்தைக் கணிக்க வேண்டும். பழுத்த தாளைக் கண்ணாடி ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் பைண்டின் முதுகு முறிந்துவிடும். பாதி திறந்த நிலையில் தாங்கி வைத்து, மேலிருந்து கேமராவில் எடுக்கட்டும். கதைப் பக்கத்தோடு நிற்காமல் இதழ் முழுவதையும் எடுத்தால், அவருடைய வட்டம் தானாகவே கண்ணுக்குத் தெரியும். யாரோடு ஒரே இதழில் எழுதினார், யார் மறுத்தார்கள், யார் கண்டுகொள்ளவேயில்லை என்பதை நினைவுக் கட்டுரைகளைவிட இதழ்கள் நேர்மையாகச் சொல்லும்.

கடிதங்கள் கிடைத்தால் எச்சரிக்கை தேவை. கடிதத் தாள் அதைப் பெற்றவருக்குச் சொந்தம். எழுத்தின் உரிமை எழுதியவரின் வாரிசுகளுக்கு. அவர் வாழ்நாளில் வெளிவந்த படைப்புகளின் காப்புரிமையும் 2041 முடியும்வரை உண்டு. விமர்சனத்துக்கு மேற்கோள் காட்டத் தடையில்லை, முழுக் கதையைப் பின்னிணைப்பில் சேர்க்க அனுமதி வேண்டும்.

விலைமகளிர் வாழ்வை நாகராஜன் எழுதியது ஆபாசமா இல்லையா என்ற பழைய சண்டைக்குள் மாணவி போக வேண்டாம். நடப்பதைச் சொல்லியிருக்கிறேன், இப்படி எழுதலாமா என்று கேட்டுத் தப்பிக்காதீர்கள் என்ற பொருளில் நாகராஜனே முன்னுரையில் பதில் சொல்லிவிட்டார். இன்று கேட்க வேண்டிய கேள்வி வேறு. ‘குறத்தி முடுக்கு’ கதையில் தங்கம் என்ற விலைமகளை நமக்குக் காட்டுவது அவளிடம் வந்துபோகும் ஓர் ஆணின் கண். ‘நாளை மற்றுமொரு நாளே’ கந்தனின் ஒரு நாளோடு நடக்கிறது. அவன் மனைவி மீனா அவன் பார்வை படும் இடங்களில்தான் பெரும்பாலும் வருகிறாள். அவள் பேசும் வரிகளை மட்டும் தனியே எடுத்து எழுதிப் பார்த்தால் ஓர் அத்தியாயமே கிடைக்கும். நாகராஜனை விரும்புகிறவர்களே இதைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

திருத்திய தலைப்பு முடிவானதும் எழுதுங்கள். ‘சரஸ்வதி’யில் எந்தெந்த இதழ்கள் உங்கள் பக்கம் கிடைக்கின்றன என்பதையும் சேர்த்து எழுதினால், விடுபட்டவற்றை இங்கே தேடத் தொடங்குகிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்