பனிக்கும் ஒரு தேதி குறியுங்கள்

மதுரை வட்டாரத்து வேளாண், தோட்டக்கலை அலுவலர்களுக்கு,

வணக்கம். திருமங்கலம் பக்கம் ஒன்றரை ஏக்கர் மல்லிகையும், கால்வாய்த் தண்ணீரை நம்பி இரண்டு ஏக்கர் நெல்லும், பத்துப் பன்னிரண்டு வெள்ளாடுகளும் வைத்துப் பிழைக்கும் அறுபத்து நான்கு வயதுக்காரன் எழுதுகிறேன். மழை பற்றியோ வறட்சி பற்றியோ இந்த மடல் இல்லை. அவற்றுக்கு மனு எழுதி எழுதி எனக்குக் கை பழகிவிட்டது, வாங்கி வாங்கி உங்களுக்கும் பழகியிருக்கும். இது பனியைப் பற்றியது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு குளிர்காலத்தை மகள் வீட்டில் கழித்தேன். கனடாவில் கியூபெக் மாகாணம், நகரத்தை விட்டுத் தள்ளி ஒரு கிராமத்து வீடு. அக்டோபர் மாதமே மருமகன் வாசல் பாதையின் இரு ஓரத்திலும் இடுப்புயரக் குச்சிகளை நட்டுக்கொண்டிருந்தார். கொடி ஏதோ படரவிடப் போகிறார் என்று நினைத்தேன். பனி மூடிய பிறகு பாதை எது, பள்ளம் எது என்று பனி தள்ளும் வண்டிக்காரருக்கு அடையாளம் வேண்டுமாம். தோட்டத்துக் குழாய்களில் இருந்த தண்ணீரைச் சொட்டு விடாமல் வடித்தார். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருகும், இரும்புக் குழாயே ஆனாலும் பிளந்துவிடும். அடுப்புக்கு வைத்திருந்த விறகு முந்தின வருடமே பிளந்து காயவைத்தது. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் இல்லாமல் காரை எடுக்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. எல்லாம் ஒழுங்கு என்று சொல்லிவிட முடியாது. சாலையைத் துடைக்க வரும் அரசு வண்டி அந்தப் பனியையெல்லாம் நம் வீட்டு வாசலில் குவித்துவிட்டுப் போய்விடும், நாம்தான் அள்ள வேண்டும். அரசாங்கம் எங்கும் அரசாங்கம்தான்.

அங்கே உட்கார்ந்து என் தோட்டத்தை நினைத்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்று ஆண்டின் ஆறு பொழுதுகளில் இரண்டைப் பனிக்கே எழுதிவைத்தவர்கள் நாம். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லியும் வருகிறோம். சொன்னதோடு சரி. நம் ஊரில் பனி செய்தியாவது பூ விலையில் மட்டும்தான். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லி கிலோ ஆயிரங்களில் போகிறது என்று படம் போடுவார்கள். படித்தவர்கள் எல்லாரும் என்னைப் பணக்காரன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்தக் காலையில் என் ஒன்றரை ஏக்கரில் பறித்த மொட்டு ஒரு தூக்குவாளிக்குள் அடங்கியிருக்கும்.

குண்டுமல்லி வெயில் குடிக்கும் செடி. இரவு குளிர்ந்தால் மொட்டு பிடிக்காது. அதனால்தான் நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி, ஒன்றேமுக்கால் அடி விட்டு மேல்கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து, தொழுவுரம் வைத்துச் செடியைத் தூங்கவிடச் சொல்கிறீர்கள். சரியான யோசனை. ஆனால் அதே நேரத்தில்தான் விலை ஏறுகிறது. கவாத்துக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் பத்து நாள் பார்ப்போமே, பொங்கல் வரை பார்ப்போமே என்று ஆசை இழுக்கும். நானும் ஒரு வருடம் அப்படித் தள்ளிப்போட்டேன். தையில் கிடைத்தது சில கைப்பிடி மொட்டு. கவாத்து பிந்தியதால் பங்குனியில் ஊரெல்லாம் பூத்தபோது என் செடி அப்போதுதான் தளிர்த்துக்கொண்டிருந்தது. யாரையும் நோவதற்கில்லை, என் பேராசை. என்றாலும் ஐப்பசி முடிவதற்குள் ஒருவர் ஊருக்கு வந்து, கவாத்து செய்தால் இவ்வளவு, செய்யாவிட்டால் இவ்வளவு என்று எங்கள் கணக்கிலேயே போட்டுக் காட்டியிருந்தால் கத்தி தன் வேலையைச் செய்திருக்கும்.

பறிக்கிற பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் டார்ச்சோடு செடிக்குள் இறங்குகிறார்கள். அரைமணி நேரத்தில் இடுப்பு வரை சேலை நனைந்துவிடும். விரல் விறைத்தால் மொட்டு பாதியில் ஒடியும். பனி ஈரத்தோடு சாக்கில் அமுக்கிய பூ மதியத்துக்குள் சிவந்துபோகும், கமிஷன் கடையில் அதற்கு வேறு விலை. மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு 2013-ல் கிடைத்தது. பெருமைதான். அந்தப் பூவைப் பறிக்கும் கைகளுக்குத் தலையில் மாட்டும் விளக்கும், நனையாத மேலாடையும், களத்தோரம் பூவை உலர்த்த ஒரு கொட்டகையும் மானியப் பட்டியலில் சேர்ந்தால் பெருமை கொஞ்சம் கீழே வரைக்கும் இறங்கும்.

நெல்லில் நடந்ததைச் சொன்னால் இன்னும் கோபம் வருகிறது. எங்கள் பக்கம் ஒருபோகம், அறுவடை தையிலும் மாசியிலும் வரும். ஒரு வருடம் நன்றாகக் காய்ந்த நெல்லைக் கொள்முதலுக்குக் கொண்டுபோய்த் திறந்த வெளியில் குவித்து எட்டு நாள் காத்திருந்தேன். எந்த நிலையம் என்பது இப்போது முக்கியமில்லை. பகலில் காயும், இரவில் குடிக்கும். முறை வந்தபோது ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று திருப்பிவிட்டார்கள். மழை ஒரு துளி இல்லை. மழையில் நனைந்தது என்றாலாவது பத்திரிகைக்காரர் வருவார், பனியில் நனைந்த நெல்லுக்கு யார் வருவார்? தார்ப்பாய் மழைக்காலத்துச் சாமான் என்று எண்ணாமல், பொங்கலுக்கு முன்பே அது எங்கள் கைக்கு வந்து சேரட்டும்.

ஆடுகளை நான் பார்த்துக்கொள்கிறேன். வெயில் ஏறிப் புல் காயும் வரை பட்டியைத் திறக்கக் கூடாது, பனிப்புல்லின் நுனிக்கு ஏறி நிற்கும் குடற்புழுக் குஞ்சுகள் மேய்கிற ஆட்டின் வயிற்றுக்குள் போய்விடும் என்பது எங்கள் வீட்டுச் சிறுவனுக்கும் தெரியும்.

தெரியாதது, இன்று இரவு பனி விழுமா என்பதுதான். இதற்குப் புதிதாக எந்தக் கருவியும் கேட்கவில்லை. மழை ஓய்ந்து, வானம் வெறித்து, காற்று அசையாமல் நின்றால் தரை தன் சூட்டை இரவெல்லாம் விட்டுவிடும். குளிர்ந்த இலைமேல் காற்றின் ஈரம் நீராகிவிடும். மேகம் இருந்தால் போர்வை போர்த்திய மாதிரி, பனி குறைவு. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் வெளிவரும் வானிலை வேளாண் அறிக்கையில் குறைந்தபட்ச வெப்பநிலை, ஈரப்பதம், மேகம், காற்று என்று வேண்டியது எல்லாமே இருக்கிறது. அதைப் படித்துப் பனியாக மொழிபெயர்க்க மட்டும் ஆள் இல்லை. "இன்று முதல் மூன்று இரவு கடும்பனி. பிந்திய நெல்லுக்கு யூரியா போட வேண்டாம், களத்து நெல்லை மூடி வையுங்கள், நாளை பூப்பறிப்பை ஒரு மணி நேரம் தள்ளுங்கள்." இந்த மூன்று வரியைப் பால் சொசைட்டிப் பலகையில் சாக்பீஸால் எழுதினால் போதும். சாயங்காலம் பால் ஊற்ற வருகிறவர்கள் படித்துவிட்டுப் போவார்கள். கதிர் வரும் நேரத்தில் பனியும் விழ, யூரியாவையும் இறைத்துவிட்டு, நெல்லைத் தாக்கும் பூஞ்சைநோயான குலைநோய் வந்துவிட்டதே என்று தலையில் கைவைக்கிறோம். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததே நாம்தான்.

தை பிறந்ததும் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக வாடிவாசல் திறக்கிறது. அதற்கு எத்தனை வாரம் முன்பே பந்தக்கால், மருத்துவக் குழு, தடுப்பு வேலி என்று கூட்டம் போட்டு நாள் குறிக்கிறோம்! காளைக்குச் செய்வதில் கால் பங்கு பனிக்குச் செய்யுங்கள். கார்த்திகை தீபத்துக்கு முன் வட்டாரத்துக்கு ஒரு கூட்டம், ஒரு தேதி.

கூட்டத்தோடு நிறுத்திவிடவும் வேண்டாம். என் தோட்டத்துக்கு மார்கழியில் ஒருநாள் விடியற்காலை நான்கு மணிக்கு வாருங்கள். கைத்தறித் துண்டு ஒன்று கொண்டுவந்தால் நல்லது, இல்லாவிட்டால் என்னிடம் இருக்கிறது. சுக்குக்காப்பி தயாராக இருக்கும். நான்கு வழிச்சாலையை விட்டு இறங்கும் இடத்தில் மூடுபனி கண்ணை மறைக்கும், வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். அந்தத் திருப்பத்தில் பாதையோரம் இரண்டு பக்கமும் வெள்ளையடித்த குச்சி நட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
திருமங்கலம் பக்கத்து மல்லிகை விவசாயி ஒருவன்